ஹேண்ட் பிரேக்: சரி

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கிற லொறி டிரைவர்மார் என்னைக் கண்டால் இன்றைக்கும் சிரிப்பார்கள். லொறியிலிருந்து குதித்த டிரைவர் என்று எனக்குப் பெயர். லைசன்ஸ் பரீட்சைக்கு வந்த அதிகாரியை உள்ளே உட்கார வைத்துவிட்டு, இவன் கதவைத் திறந்து குதித்து ஓடிவிட்டான், சரியான பயந்தாங்கொள்ளி என்று ஆளுக்கு ஒரு முழம் கதையை நீட்டி வைத்திருக்கிறார்கள். குதித்தது உண்மை. அதை நான் ஒரு நாளும் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் பயந்து குதித்தேன் என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் குதித்தாய் என்று கேட்க ஒருத்தருக்கும் பொறுமை இல்லை. சிரிக்க வந்தவர்களுக்குக் காரணம் எதற்கு?

கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன்.

தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறியில் பதினொரு வருடம் வேலை செய்தேன். டிரைவராக இல்லை, பின்னால் நின்றுகொண்டு போகிற ஆளாக. மலையில் பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்துச் சாக்கில் அடைத்து ரோட்டோரம் அடுக்கி வைப்பார்கள். அதைத் தூக்கி லொறியில் போட்டு ஸ்டோருக்கு, எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொண்டுவந்து இறக்க வேண்டும். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது எனக்குச் சொல்லப்பட்ட வேலை அவ்வளவுதான். சொல்லப்படாத வேலை ஒன்று இருந்தது. அதுதான் கட்டை போடுவது.

எங்கள் லொறிக்கு ஹேண்ட் பிரேக் இல்லை. இல்லை என்றால், இழுக்கிற கம்பி இருக்கிறது. டிரைவரின் இடது கைப் பக்கம் நிமிர்ந்து நிற்கும். இழுத்தால் வரும், விட்டால் போகும். அதற்கும் சக்கரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. டிரைவர் அண்ணன் தன் சாப்பாட்டுப் பையை அதில்தான் தொங்கவிடுவார். மழை நாளில் நனைந்த கம்பளித் தொப்பியையும் அதில் மாட்டிக் காயவைப்பார். தோட்டத்து ரோட்டில் சமதரை என்று சொல்ல முழுசாக ஐம்பது அடி கிடைக்காது. ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். அப்படிப்பட்ட ரோட்டில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை நிறுத்தி நிறுத்திக் கொழுந்து ஏற்ற வேண்டும்.

அதற்கு நாங்கள் வைத்திருந்த வழி இது. நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் டிரைவர் அண்ணன் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, "கட்டே!" என்று கத்துவார். நான் லொறி முழுசாக நிற்பதற்கு முன்பே குதித்து, மரக்கட்டையைப் பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்து, "போட்டாச்சு!" என்று திருப்பிக் கத்துவேன். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். ஆண்டவன் தந்த ஹேண்ட் பிரேக் நான்தான். பதினொரு வருடம் இதைச் செய்து செய்து, தலவாக்கலைக்குப் போகிற பஸ் ஏற்றத்தில் நின்றால்கூட உட்கார்ந்திருக்கிற சீட்டிலிருந்து அரைவாசி எழுந்துவிடுவேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

பிரேக்கைச் செய்து தாருங்கள் என்று நாங்கள் கேட்காமலா இருந்தோம்? மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கிடம் சொன்னோம். ஆபீசில் சொல்லுங்கள் என்றார். ஆபீசில் சொன்னோம். பார்ப்போம் என்றார்கள். பார்ப்போம், பார்ப்போம் என்றே காலம் போனது. ஒரு மழை நாளில் என் மனைவியின் அண்ணனுடைய கால் போனது.

மச்சானும் நானும்தான் அந்த லொறியில் ஆட்கள். அன்றைக்கு நான் மேலே நின்று சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன், கட்டை போட்டது அவர். சரியாகத்தான் போட்டார். என் கண்ணால் பார்த்தேன். "போட்டாச்சு!" என்றார், டிரைவர் அண்ணன் காலை எடுத்தார். கீழே சேறு. கட்டை சேற்றோடு வழுக்கியது, லொறி இரண்டடி பின்னால் வந்தது. இரண்டே இரண்டு அடி. மச்சானின் வலது கால் சக்கரத்துக்குக் கீழே. ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் அதற்குப் பிறகு நேராக நிலத்தில் படவே இல்லை. ஓடியாடி வேலை செய்த மனுசனை ஸ்டோரில் கூட்டிப் பெருக்கும் வேலையில் போட்டார்கள், அதுவும் பெரிய மனது பண்ணிச் செய்த உதவி மாதிரி.

கால் போனதுகூட விபத்து என்று வைத்துக்கொள்ளலாம். ஆபீசில் அதைப் பற்றி எழுதினார்களே ஒரு ரிப்போர்ட், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. தொழிலாளி கட்டையைக் கவனயீனமாக வைத்ததால் நேர்ந்த விபத்து என்று எழுதியிருந்தார்கள். கவனயீனம்! பிரேக் இல்லாத லொறியை மலையில் ஏற்றியவர்களுக்குக் கவனம் இருந்ததாம், காலைக் கொடுத்தவருக்கு இல்லையாம்.

நேராக ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, பிரேக் இல்லாத லொறிக்கு மச்சான் எப்படிங்க பொறுப்பு?" என்று கேட்டேன்.

அவர் ஒரு ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். லொறி வெளியே போகும் ஒவ்வொரு காலையும் டிரைவர் நிரப்புகிற தாள். ரன்னிங் சார்ட் என்பார்கள். டயர், லைட், கால் பிரேக், ஹேண்ட் பிரேக் என்று வரிசையாக இருக்கும். மச்சானின் கால் போன அன்றைய காலைத் தாளில் ஹேண்ட் பிரேக்குக்கு நேரே 'சரி' என்று எழுதி, கீழே டிரைவர் அண்ணனின் கையெழுத்து இருந்தது.

"என்னாங்க இது அநியாயம்! வந்து அந்தக் கம்பிய ஒரு தடவ இழுத்துப் பாருங்க ஐயா, இப்பவே வாங்க."

"நீ யாரு?" என்றார் பெரிய கிளாக்கர். "டிரைவரா? ஒனக்கு லைசன் இருக்கா? லொறியப் பத்தி டிரைவர்தான் எழுதணும். சாக்குத் தூக்குற ஆளெல்லாம் பிரேக்கப் பத்திப் பேச வந்துட்டாங்க. போ, போய் வேலையப் பாரு."

டிரைவர் அண்ணனிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் என்னா தம்பி செய்யிறது? சரியில்லன்னு எழுதினா லொறி வெளிய போகக் கூடாதும்பாங்க. லொறி போகலன்னா நான் எதுக்குன்னு கேப்பாங்க. வேல கெடச்ச மொத நாளே இப்படித்தான் எழுதணும்னாங்க, எழுதினேன். அப்புறம் கை பழகிருச்சு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மனசு ஆறியிருக்கும்.

அந்த வருடக் கடைசியில் அவர் வேலையை விட்டு மகளோடு கொழும்பில் போய் இருக்கப்போவதாக இருந்தார். கனரக வாகன லைசன்ஸ் உள்ள ஆள் தோட்டத்திலேயே இருந்தால் அவருக்கே வேலை, இல்லையென்றால் வெளியிலிருந்து எடுப்போம் என்று ஆபீசில் சொன்னார்கள். என்னிடம் சின்ன வாகன லைசன்ஸ் இருந்தது. வாலிப வயதில் நுவரெலியாவில் ஒரு மரக்கறி வேன் ஓட்டியபோது எடுத்தது. அந்த வேனுக்கும் ஹேண்ட் பிரேக் வேலை செய்யாது, கல் வைத்துத்தான் நிறுத்துவோம்; அந்தக் காலத்துப் பரீட்சையில் ஏற்றமும் கேட்கவில்லை. அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"நான் பெரிய லைசன் எடுக்கப்போறேன்."

"எதுக்கு?"

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போட. ஹேண்ட் பிரேக் சரியில்லன்னு என் கையால ஒரு நாளு எழுதணும்."

"எழுதினா அன்னைக்கே தூக்கிருவாங்க" என்றாள்.

"தூக்கட்டும். எழுதிட்டுத்தான் போவேன்."

டிரைவர் சீட்டில் உட்கார எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போனது சீட்டுக்காக இல்லை. அந்த ஒரு வரிக்காக.

ஹட்டனில் ஒரு லேர்னர்ஸில், அதாவது வாகனம் ஓட்டப் பழக்குகிற இடத்தில், சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் டவுன்காரர், எங்கள் ஆள்தான், தமிழர். தங்கக் கடிகாரம், கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றாமலே பேசுவார். என்னோடு சேர்த்து நாலு பேர். டவுன் பையன்கள் மூன்று பேரைத் 'தம்பி' என்பார். என்னை 'தோட்டம்' என்பார். "தோட்டம், ஏறுங்க." "தோட்டம், எறங்குங்க." எனக்குப் பெயர் ஒன்று இருக்கிறது, பெற்றவர்கள் வைத்தது, சேர்ந்த அன்று அவர் கையாலேயே படிவத்தில் எழுதியது. இரண்டாம் கிழமை சொல்லியும் பார்த்தேன். "கோவிச்சுக்காதீங்க தோட்டம்" என்று சிரித்தார். என்ன செய்ய?

பயிற்சியெல்லாம் ஒரு பழைய மைதானத்தில். கம்பு நட்டு அதற்கு நடுவே பின்னால் எடுப்பது, எட்டுப் போடுவது, கண்ணாடி பார்த்து நிறுத்துவது. பின்னால் எடுப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பதினொரு வருடம் லொறியின் பின்பக்கத்திலேயே வாழ்ந்தவனுக்குப் பின் சக்கரம் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கிற பாடம் வந்ததும் டவுன் பையன்களை மட்டும் லொறியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நானும் ஏறப் போனேன்.

"ஒங்களுக்கு எதுக்கு இது?" என்றார். "மலையிலயே பொறந்து மலையிலயே வளந்த ஆளு. ஒங்களுக்குப் போய் நான் ஏத்தம் சொல்லிக் குடுக்கணுமா? மீனுக்கு நீந்தக் கத்துக்குடுக்கிற மாதிரி இருக்கு. நீங்க இங்கயே இருந்து கம்பெல்லாம் புடுங்கிக் கட்டி வைங்க, வந்துர்றோம்."

அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டு பல்லைக் காட்டினேன் நான். அடப்பாவி, அன்றைக்கே சட்டையைப் பிடித்திருக்க வேண்டாமா? என் முட்டாள்தனத்தை எதைக் கொண்டு அடிப்பது? எங்கள் மலையில் ஏற்றம் இருக்கிறது, ஹேண்ட் பிரேக் இல்லையே! அதைச் சொல்ல எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. கம்புகளைப் பிடுங்கிக் கட்டி வைத்துவிட்டு மைதானத்தில் உட்கார்ந்திருந்தேன். ஹேண்ட் பிரேக்கைக் கையால் தொடாமலே என் பயிற்சி முடிந்தது.

பரீட்சை நுவரெலியாவில். ட்ரயல் என்றுதான் எல்லோரும் சொல்வோம். விடிகாலையிலேயே போய்க் குளிரில் நின்றோம். மரக்கறி லொறி ஓட்டப் போகிறவர்கள், பஸ் ஓட்டப் போகிறவர்கள் என்று இருபது பேருக்கு மேல் வரிசையில். அதிகாரி சிங்களவர், அமைதியான மனிதர். மைதானத்து வேலை எல்லாவற்றையும் ஒரு பிழையும் இல்லாமல் செய்தேன். 'நல்லது' என்று அவர் வாயாலேயே சொன்னார். பிறகு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ரோட்டில் போகச் சொன்னார். ஒரு ஏற்றம் வந்தது. வரிசையில் நிற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிகிற இடம்.

"இங்கே நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலுக்கு எடுத்து, பிறகு பின்னால் போகாமல் எடுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார்.

கால் பிரேக்கை மிதித்து அழகாக நிறுத்தினேன். நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தேன் தெரியுமா? பின்னாலிருந்து 'போட்டாச்சு' என்று ஒரு சத்தம் வரும் என்று. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் காத்திருந்தேன். ஏற்றத்தில் லொறி நின்றால் அடுத்து அந்தச் சத்தம்தான் என்று என் காதுக்குத் தெரியும். ஹேண்ட் பிரேக் என்று அதிகாரி சொன்னது காதில் விழுந்தது, கைக்குப் போகவில்லை. என் கைக்கு அந்தக் கம்பி சாப்பாட்டுப் பை மாட்டுகிற கம்பி.

"ம்... எடுங்கள்" என்றார் அதிகாரி.

கால் கொஞ்சம் தளர்ந்தது. லொறி ஒரு சாண் பின்னால் போனது. அந்த ஒரு சாணில் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. ட்ரயல் மறந்தது, அதிகாரி மறந்தார், நான் டிரைவர் சீட்டில் இருப்பதே மறந்தது. "கட்டே!" என்று தொண்டை கிழியக் கத்தியவனும் நான்தான், அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கதவைத் திறந்து குதித்தவனும் நான்தான். பின் சக்கரத்துக்கு ஓடிப்போய்க் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன். கையில் ஒன்றும் இல்லை.

அதிகாரி எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்ததால் லொறி நின்றது. இல்லாவிட்டால் இதைச் சொல்ல நான் இருக்க மாட்டேன். வெறும் கையை நீட்டிக்கொண்டு பின் சக்கரத்தடியில் குனிந்திருந்தேன். வரிசையில் நின்ற இருபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசாமி அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், சிரித்துக் கண்ணில் வந்த தண்ணீரைத் துடைக்க.

அதிகாரி இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "உனக்குப் பைத்தியமா? என்னைக் கொல்லப் பார்த்தாயா? சக்கரத்துக்குக் கீழே என்ன தேடுகிறாய்?" என்று கேட்டார். கட்டை தேடுகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு என் தாளில் கோடு போட்டார். ஃபெயில்.

பஸ்ஸில் வரும்போது யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. வீட்டில் மனைவி கேட்டாள், நடந்ததை நடந்தபடி சொன்னேன். மச்சானும் அங்கேதான் இருந்தார். சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"கையில கட்ட இல்லாம சில்லுக்குக் கிட்டயா போனீங்க?" என்றார் மச்சான். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. அவருக்கு மட்டும்தான் நான் என்ன செய்தேன் என்று விளங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லேர்னர்ஸ் வாசலில் நின்றேன். அதற்குள் கதை ஹட்டன் முழுக்கப் பரவிவிட்டது. கறுப்புக் கண்ணாடிக்காரர் என்னைக் கண்டதும், "வாங்க தோட்டம், இன்னைக்கு எங்க குதிக்கப் போறீங்க?" என்றார்.

"ஒங்க வாயில இனி தோட்டம்னு வந்துச்சுன்னா நல்லா இருக்காது" என்றேன். "நாலு பேருக்கும் ஒரே பாடந்தானே? மூணு பேருக்குச் சொல்லிக் குடுத்தீங்க, என்னயக் கம்பு புடுங்க விட்டீங்க. மலையில பொறந்தவனுக்கு ஏத்தம் தெரியும்னீங்களே, பொறந்த கொழந்தைக்கு ஹேண்ட் பிரேக் கையில குடுத்தா அனுப்புறாங்க? இன்னைக்கு ஏத்தத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா இந்த வாசல்லயே ஒக்காந்து, வர்ற போற எல்லாருக்கும் நீங்க படிச்சுக் குடுத்த லட்சணத்தச் சொல்லுவேன்."

புதிதாகச் சேர வந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனாலோ என்னவோ, அவர் முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்தார்.

டவுனுக்கு வெளியே நல்ல செங்குத்தான ஒரு ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார். "இப்ப இழுங்க" என்றார். இழுத்தேன். கரக் கரக் என்று பல் ஏறுகிற சத்தம். "ரெண்டு காலையும் எடுங்க" என்றார். என்னால் எடுக்க முடியவில்லை. முதுகு வேர்த்துவிட்டது. "எடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று மூன்று தடவை சொன்ன பிறகு எடுத்தேன். லொறி அசையவில்லை. கீழே ஒருத்தரும் இல்லை, கட்டை இல்லை, சத்தம் இல்லை. லொறி பாட்டுக்கு நின்றது.

இவ்வளவுதானா?

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்! சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. நான் ஸ்டேரிங்கைக் குத்தினேன். ஒரு கம்பி, ஒரு கேபிள். ஒரு கையால் ஒரு இழுப்பு. இதற்காகவா பதினொரு வருடம் மழையிலும் சேற்றிலும் குதித்தேன்? இதற்காகவா மச்சான் காலைக் கொடுத்தார்? இது ஏதோ பெரிய வித்தை, பணக்காரத் தோட்டங்களுக்கு மட்டும் வாய்க்கிற மிஷின் என்று நான் மனதுக்குள் நினைத்திருந்தேன் போல. கண்ணாடிக்காரர் என்னையே பார்த்தார். "என்னாங்க, நல்லாத்தானே செஞ்சீங்க" என்றார். அந்தத் தடவை 'தோட்டம்' என்ற சொல் வரவில்லை.

இரண்டாம் ட்ரயலுக்கும் அதே அதிகாரி. என்னை அடையாளம் கண்டுகொண்டு, முதலில் என் பக்கத்துக் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். எடுத்தேன், ஒரு அங்குலமும் பின்னால் போகவில்லை. இறங்கும்போது, "அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார். கேட்ட ஒரே ஆள் அவர்தான். எங்கள் லொறியைப் பற்றி என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர், "அப்படிப்பட்ட லொறியை நீங்கள் ஓட்டக் கூடாது" என்றார். அதற்குத்தான் ஐயா இந்த லைசன்ஸ் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வருடக் கடைசியில் டிரைவர் அண்ணன் போனார். வேலை எனக்குக் கிடைத்தது. முதல் நாள் காலை ஆபீஸ் ஜன்னலில் பெரிய கிளாக்கர் ரன்னிங் சார்ட்டை நீட்டினார். எல்லா வரிக்கும் 'சரி' என்று அவரே எழுதி வைத்திருந்தார். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

நான் ஹேண்ட் பிரேக் வரியில் இருந்த 'சரி'யை வெட்டி, 'வேலை செய்யவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"இது என்னாது?" என்றார்.

"இருக்கிறத எழுதியிருக்கேன் ஐயா. இப்ப லைசன் இருக்கு. நான் டிரைவர்."

"இப்படி எழுதினா லொறி வெளிய போகக் கூடாது, தெரியுமா?"

"தெரிஞ்சுதாங்க எழுதினேன்."

வேறு தாள் தருகிறேன், மாற்றி எழுது என்றார். மாட்டேன் என்றேன். தோட்டத்து உதவி அதிகாரி சின்னத்துரைக்கு ஆள் போனது. அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, "மொதல் நாளே தொரை ஆயிட்டியா நீ?" என்று குதித்தார். மணி பத்தாகிவிட்டது. மலையில் முதல் நிறுவை முடிந்து சாக்குகள் ரோட்டில் கிடந்தன. கொழுந்து சூடேறுகிறது, லொறி எங்கே என்று கண்டாக்கு போனுக்கு மேல் போன். அந்தப் பெண்கள் காலையிலிருந்து பறித்தது என் ஒரு வரியால் கருகிப் போகும் என்று எனக்கும் தெரியும்.

அப்போதுதான் ஸ்டோரிலிருந்து மச்சான் வந்தார். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, இழுத்து இழுத்து நடந்து வந்து லொறிக்குப் பக்கத்தில் கிடந்த கட்டையை எடுத்துக்கொண்டார்.

"மாப்பிள்ள, லொறிய எடுங்க. நான் வர்றேன், நான் போடுறேன். மொத நாளே வேலையக் கெடுத்துக்காதீங்க. தங்கச்சிய நெனச்சுப் பாருங்க" என்றார்.

"பாத்தியா, அவனுக்கு இருக்கிற அறிவு ஒனக்கு இல்ல" என்றார் பெரிய கிளாக்கர்.

நான் மச்சானிடம் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன். "கீழ போடுங்க அத! இன்னொரு காலும் குடுக்கணுமா இவங்களுக்கு?" என்று கத்தினேன். அந்த முற்றத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் கட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். சின்னத்துரையின் கண் அவருடைய காலுக்குப் போனது. அவர் லொறி திருத்துகிற கராஜ் பாஸைக் கூப்பிட்டு, இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

"கேபிள் இருந்தா அரை மணித்தியாலம் சேர்."

"கேபிளுக்குக் கொழும்புக்கு எழுதணுமே" என்றார் பெரிய கிளாக்கர்.

"எதுக்கு எழுதணும்? இங்கதானே இருக்கு" என்றார் சாமான் அறைக்குப் பொறுப்பானவர். அவர் இத்தனை நேரமும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய், மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்தார். உறையில் எங்கள் லொறியின் நம்பர் எழுதியிருந்தது.

கராஜ் பாஸ் அதைப் பிரித்து மாட்டினார். அரை மணித்தியாலம் கூட ஆகவில்லை. மச்சான் அந்த வெறும் உறையைக் குனிந்து எடுத்து, அதில் ஒட்டியிருந்த துண்டை வாசித்தார். பிறகு சாமான் அறைக்காரரிடம் கேட்டார்.

"ஐயா, இதுல போட்டிருக்கிறது வந்த திகதியா?"

"ஆமா."

"என் காலு போறதுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னுக்கே வந்திருக்குங்களே."

"வருசா வருசம் வர்ற உதிரிச் சாமானோட வந்து கெடந்துச்சுதான்" என்றார் அவர். மறைக்கத் தெரியாத மனுசன். "பழுதுன்னு எழுதின தாளு வந்தாத்தானே நான் சாமான் குடுக்க முடியும்? தெனமும் சரி, சரின்னுதானே எழுதி வந்துச்சு. கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே."

மச்சான் உறையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குள் போனார்.

நான் லொறியை எடுத்தேன். கொழுந்து காத்திருந்தது. மலை ஏறி முடிகிற வரைக்கும் தனியாக உட்கார்ந்து கத்திக்கொண்டே போனேன். கையெழுத்துப் போட்டவரைத் திட்டினேன், போட வைத்தவர்களைத் திட்டினேன், தட்டில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவரைத் திட்டினேன். கடைசியில், பதினொரு வருடமும் வாயால் மட்டும் கேட்டுவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு வரி எழுதிக் கொடுக்காமல் போன என்னையும் திட்டினேன்.